தாலிக்கொடியில் மாட்டும் மருவை என்ன செய்வது?

கேள்வி இதுதான்: வயது 43. இரண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் கழுத்தைச் சுற்றி ஏழெட்டு மரு வந்திருக்கிறது. தாலிக்கொடி உரசி அதில் இரண்டில் அடிக்கடி ரத்தம் கசிகிறது. மாமியார் நூல் கட்டச் சொல்கிறார். மகள் ஆன்லைனில் ஒரு சொட்டு மருந்து வாங்கித் தந்திருக்கிறாள். பக்கத்து வீட்டில், ஒன்றை எடுத்தால் பத்தாகப் பெருகும் என்கிறார்கள். எது சரி? புற்றுநோயாக மாறுமா?

மாவட்டத் தலைநகர் ஒன்றில் இருபது வருடத்துக்கு மேலாகத் தோல் மருத்துவம் பார்க்கிறேன். இந்தக் கேள்வி வராத வாரம் கிடையாது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மெத்தென்று இருக்கிறது, காம்பு மாதிரி ஒரு இடத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டு தொங்குகிறது, தொட்டால் வலிக்காது, வருடக்கணக்கில் பெரிதாக மாறவில்லை என்றும் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அது ஸ்கின் டேக் என்று நாங்கள் சொல்கிற வெறும் சதைத் தொங்கல். உள்ளே கொஞ்சம் தளர்ந்த நார், ஒன்றிரண்டு மெல்லிய ரத்தக்குழாய், மேலே சாதாரணத் தோல், அவ்வளவுதான். அது புற்றுநோய் இல்லை. புற்றுநோயாக மாறும் என்று பயந்து எடுக்க வேண்டியதும் இல்லை. யாருக்கும் ஒட்டாது. பெரியவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு உடம்பில் எங்காவது ஒன்றாவது இருக்கும். கழுத்து, அக்குள், மார்பின் அடிமடிப்பு, தொடை இடுக்கு, கண் இமை என்று தோலோடு தோலோ துணியோ உரசுகிற இடங்களில்தான் அதிகம் வரும். இரவு நிம்மதியாகத் தூங்குங்கள்.

குழப்பம் எல்லாம் ‘மரு’ என்ற சொல்லில் இருந்துதான் தொடங்குகிறது. நம் பேச்சில் தோலுக்கு மேல் துருத்திக்கொண்டு வருகிற எல்லாமே மருதான். ஆனால் அதில் நாலைந்து வேறு வேறு சங்கதிகள் கலந்து கிடக்கின்றன. கை விரலிலும் நகத்தோரத்திலும் பாதத்திலும் தாடிப் பகுதியிலும் சொரசொரப்பாக, காலிஃபிளவர் பூவின் மேல்பக்கம் போல வருவது வைரஸ் மரு. அது ஒட்டும், பரவும். குழந்தைகளுக்கு முத்து மாதிரி பளபளப்பாக, நடுவில் சின்னக் குழியோடு வருவது பாலுண்ணி. அதுவும் வைரஸ்தான், அதுவும் ஒட்டும். கன்னத்திலும் கண்ணுக்குக் கீழேயும் மிளகைத் தட்டி ஒட்டியது போலக் கறுப்பாக, அம்மாவுக்கு இருந்தால் பெண்ணுக்கும் வருவது இன்னொரு வகை. அது ஒட்டாது, ஆபத்தும் இல்லை. மச்சம் தனி. உங்கள் கழுத்தில் தொங்குவது இவை எதுவும் இல்லை.

இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால் ஊரில் சொல்கிற பாதிப் பேச்சுக்கு விளக்கம் கிடைத்துவிடும். ‘ஒன்றை எடுத்தால் பத்தாகப் பெருகும், ரத்தம் பட்ட இடமெல்லாம் முளைக்கும்’ என்பது பொய் இல்லை. வைரஸ் மருவைச் சொறிந்தாலும் பிளேடால் சீவினாலும் அந்தக் கோடு முழுக்கப் புதிதாக முளைக்கும். அதைக் கண்ணால் பார்த்தவர்கள்தான் அப்படிச் சொன்னார்கள். தொங்கும் மருவுக்கு அது பொருந்தாது. அதில் கிருமி இல்லை, பரவ ஒன்றும் இல்லை. எடுத்த பிறகு பக்கத்தில் புதிதாக வந்தால், முதலில் வந்ததற்கு என்ன காரணமோ அது உடம்பில் இன்னும் இருக்கிறது என்றுதான் பொருள்.

கோயிலில் உப்பும் மிளகும் போடுகிறேன், குளத்தில் வெல்லம் கரைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டு மரு விழுந்தவர்களும் இருக்கிறார்கள். என் அம்மா எனக்காக வேண்டிக்கொண்டு, ஏழு வயதில் என் முழங்கையில் இருந்த மரு உதிர்ந்தது. வைரஸ் மருவை உடம்பே ஒரு நாள் அடையாளம் கண்டு விரட்டிவிடும். சிறுவர்களுக்கு வருவதில் பெரும்பாலானவை இரண்டு வருடத்துக்குள் தானாகவே போய்விடும். தொங்கும் மருவை உடம்பு எதிரியாகப் பார்ப்பதில்லை, அது உடம்பின் சொந்தச் சதை. அதனால் அது காத்திருந்து உதிர்வது அபூர்வம். எப்போதாவது காம்பு முறுக்கிக்கொண்டு, ரத்தம் போகாமல், திடீரென்று வலித்துக் கறுத்து, சில நாளில் சருகு மாதிரி விழும். அப்படி ஒன்று கறுத்தால் பதற வேண்டாம். ஒருமுறை காட்டிவிடுங்கள், போதும்.

சரி, காரணத்துக்கு வருவோம். இந்தப் பதிலில் எனக்கு மிக முக்கியமான பகுதி இதுதான். வயதும் உரசலும் உடல் எடையும் பரம்பரையும் எல்லாமே காரணம். கர்ப்ப காலத்தில் புதிதாக வரும், சிலருக்குப் பிரசவத்துக்குப் பின் சுருங்கவும் செய்யும். ஆனால் நம் ஊரில், நாற்பதை ஒட்டிய வயதில், கழுத்தைச் சுற்றி நிறைய வந்தால் நான் முதலில் பார்ப்பது மருவை இல்லை. பின்கழுத்தைப் பார்ப்பேன். அங்கே தோல் தடித்து, வெல்வெட் துணி மாதிரி, அழுக்கு படிந்தது போலக் கறுத்திருக்கிறதா? பலர் அதை அழுக்கு என்றே நினைத்துப் பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். கவரிங் நகையால் வந்த கறுப்பு என்பார்கள். அது அழுக்கு இல்லை. உடம்பு இன்சுலினுக்குச் சரியாக ஈடுகொடுக்கவில்லை, அதனால் கணையம் அதிகமாகச் சுரந்துகொண்டிருக்கிறது என்பதற்கான அடையாளம். அந்த அதிகப்படி இன்சுலின் தோல் செல்களையும் நார்ச் செல்களையும் வளரத் தூண்டுகிறது. கறுப்பும் மருவும் சேர்ந்து வருவது அதனால்தான்.

சென்ற வருடம் ஒரு அம்மா, மகள் கல்யாணத்துக்கு முன்னால் கழுத்து பளிச்சென்று இருக்க வேண்டும் என்று மருவை எடுக்க வந்தார். பின்கழுத்தைப் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தேன். ‘மருவுக்கு எதுக்கு டாக்டர் ரத்தம்?’ என்று கொஞ்சம் வருத்தப்பட்டுத்தான் போனார். கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8.4 வந்தது. அவருக்குச் சர்க்கரை இருப்பது அன்றுதான் தெரியும். கல்யாணத்துக்கு வந்திருந்த தங்கைக்கும் பார்க்கச் சொன்னேன், அவருக்கும் எல்லையில் நின்றது.

சென்னையில் உள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வு 2023-ல் வெளிவந்தது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் என்று அது சொன்னது. வாசலில் நிற்பவர்களுக்கு உடம்பு பெரும்பாலும் வேறு எந்தத் தொந்தரவும் தராது. சிலருக்குக் கழுத்து மட்டும் சொல்லும். ஆகவே நீங்கள் மருவை எடுக்கிறீர்களோ இல்லையோ, வெறும் வயிற்றில் சர்க்கரையும் எச்பிஏ1சியும் பாருங்கள். வெறும் வயிற்றில் 100-க்குக் கீழே, எச்பிஏ1சி 5.7-க்குக் கீழே இருந்தால் நல்லது. 126-ஐயோ 6.5-ஐயோ எட்டினால் சர்க்கரை நோய் என்று எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். நடுவில் இருப்பவர்கள்தான் கொடுத்துவைத்தவர்கள், நடையாலும் சாப்பாட்டாலும் எடைக் குறைப்பாலும் திருப்பிவிடுகிற கட்டம் அது. மாதவிடாய் தள்ளித் தள்ளி வருகிற இளம்பெண்களுக்குக் கழுத்தில் இப்படி வந்தால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையையும் பார்க்க வேண்டும். எல்லோருக்கும் இப்படி இருக்கும் என்று சொல்லவில்லை. ஒல்லியான, சர்க்கரையே இல்லாத உடம்பிலும் மரு வரும்.

இனி, எடுப்பது. வீட்டு முறைகளில் இருந்து தொடங்குகிறேன். அவற்றைக் கேலி செய்கிற ஆள் நான் இல்லை. ஆனால் சிலவற்றைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு கலங்கியிருக்கிறது.

நூல் கட்டுவது, குதிரைவால் முடி கட்டுவது: இதில் உள்ள யோசனை சரியானதுதான். காம்பை இறுக்கினால் ரத்தம் போகாது, மரு செத்து விழும். மருத்துவத்திலும் இந்த முறை உண்டு. சிக்கல் கட்டுகிற இடத்தில் வருகிறது. கழுத்தில் உள்ள மருவை உங்களால் நேராகப் பார்க்க முடியாது. முடிச்சு அடிக்காம்பில் விழாமல் நடுவில் விழும், அல்லது பாதி இறுகும். அப்போது ரத்தம் உள்ளே போகும், வெளியே வராது. மரு திராட்சை போல நீலமாக வீங்கி, விண்விண் என்று வலித்து, சீழ் வைக்கும். சர்க்கரை உள்ளவருக்கு அந்தச் சின்னச் சீழ் சின்னதாக நிற்காது. மாமியார் சொன்னது தவறு என்று அவரிடம் வாதாட வேண்டாம். சர்க்கரை பார்க்காமல் கட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னார் என்று சொல்லிவிடுங்கள்.

சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்து வைப்பது: இதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். சுண்ணாம்பும் சோடாவும் ஈரத்தில் சேர்ந்தால் உண்டாவது காஸ்டிக் சோடா. அடைத்துக்கொண்ட சாக்கடைக் குழாயில் ஊற்றுகிறோமே, அதேதான். அந்த அரிக்கும் காரம் பட்ட தோல் கரைந்து கொழகொழவென்று ஆகும். காரம் அங்கேயே நிற்காது, உள்ளே உள்ளே இறங்கும். மரு போய்விடும், உண்மை. அந்த இடத்தில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குக் குழி விழுந்த தழும்போடு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அம்மான் பச்சரிசிப் பால், எருக்கம் பால்: கையில் இருக்கிற வைரஸ் மருவுக்கு அம்மான் பச்சரிசிப் பாலைத் தொட்டு வைக்கிற பழக்கம் பல கிராமங்களில் உண்டு. கழுத்திலும் முகத்திலும் இரண்டுமே வேண்டாம். குறிப்பாக எருக்கம் பாலைக் கண் பக்கமே கொண்டுபோகக் கூடாது. இமையில் இருந்த மருவுக்கு எருக்கம் பால் வைத்துக்கொண்ட ஒரு பெரியவர், ‘வலியே இல்லை டாக்டர், பார்வைதான் புகை மாதிரி இருக்கிறது’ என்று வந்தார். அந்தப் பாலின் குணமே அதுதான். கருவிழியை மரத்துப்போக வைத்துவிட்டு உள்ளே கெடுக்கும். வலி இல்லை என்பதாலேயே ஆட்கள் தாமதமாக வருகிறார்கள். பட்டுவிட்டால் அந்த நிமிடமே ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கண்ணைக் கழுவிவிட்டு நேராகக் கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஆப்பிள் சிடர் வினிகரைப் பஞ்சில் நனைத்து ராத்திரி முழுக்கக் கட்டிவைப்பது இப்போது வீடியோக்களில் வருகிறது. அதுவும் அமிலம்தான், சுற்றிலும் உள்ள நல்ல தோல் வெந்துபோகும். பூண்டை நசுக்கி வைத்துக் கட்டினாலும் கொப்புளம் வரும்.

மகள் வாங்கித் தந்த சொட்டு மருந்துக்கு வருகிறேன். பாட்டிலில் ‘மூலிகை’ என்று போட்டிருந்தாலும் உள்ளே பெரும்பாலும் செறிவு அதிகமான சாலிசிலிக் அமிலமோ வேறு அரிக்கும் பொருளோ இருக்கும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, மச்சத்தையும் ஸ்கின் டேக்கையும் எடுப்பதற்கு மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கிப் போட்டுக்கொள்ளும் எந்த மருந்துக்கும் தான் அனுமதி தரவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, 2022-ல் விற்பவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதமும் அனுப்பியது. புண்ணாவதும் வடுவாவதும் ஒரு பக்கம். மரு என்று நினைத்து வேறொன்றின் மேல் போட்டு, அடையாளம் தெரியாமல் அரித்துவிட்டால் அது என்ன என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. அதற்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். மகள் அக்கறையோடு வாங்கினாள், அதில் குறை இல்லை. பாட்டிலைத் திறக்காமல் வைத்துவிடுங்கள்.

பியூட்டி பார்லரில் பேனா போன்ற ஒரு கருவியால் சுடுகிறார்கள். அந்த ஊசியை ஒருவருக்கு அடுத்து ஒருவருக்கு எப்படிச் சுத்தம் செய்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்ஐவியும் ரத்தம் பட்ட ஊசி வழியாகப் போகக்கூடியவை. மெழுகு போட்டு முடி எடுக்கப் போகும்போது மருவையும் சேர்த்து எடுத்துவிடுங்கள் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம்.

மருத்துவரிடம் போனால் என்ன நடக்கும்? பயப்படுகிற அளவுக்கு ஒன்றும் இல்லை. மரத்துப்போகும் களிம்பைக் கழுத்தில் தடவி, சமையலறையில் பாத்திரம் மூடும் பிளாஸ்டிக் தாள் மாதிரி ஒன்றால் மூடி, ஒரு மணி நேரம் உட்காரவைப்போம். இந்த ஒரு மணி நேரம்தான் உங்களுக்குச் சலிப்பாக இருக்கும். அப்புறம் துடைத்துவிட்டு, மருவை இடுக்கியால் லேசாகத் தூக்கினால் காம்பு நூல் போலத் தெரியும். கூர்மையான சின்னக் கத்தரியால் அடியில் ஒரே வெட்டு. குண்டூசித் தலை அளவுக்கு ஒரு பொட்டு ரத்தம் வரும். ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும், இல்லை என்றால் ரத்தம் நிறுத்தும் மருந்தை ஒற்றுவோம். ரொம்பப் பொடியாக இருந்தால் களிம்புகூட வேண்டாம், எறும்பு கடித்தது போல இருக்கும்.

‘எரிக்கிறார்கள்’ என்று கேள்விப்பட்டது காட்டரி. மின்சூட்டில் ஒரு நுனி சிவந்தோ பொறி விட்டோ காம்பைத் தொடும். முடி கருகுகிற வாசனை வரும், அதற்குத்தான் பலர் முகத்தைச் சுளிப்பார்கள். ரத்தம் அப்போதே அடைபட்டுவிடுவது இதன் வசதி. ரேடியோ அதிர்வெண் கருவியும் இதே வேலையைச் சூடு அதிகம் பரவாமல் செய்யும். ஏழெட்டு மருவுக்கு எது ஆனாலும் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

மைனஸ் 196 டிகிரி குளிரில் உள்ள திரவ நைட்ரஜனால் உறையவைப்பதும் உண்டு. வெள்ளைத் தோல்காரர்களின் நாடுகளில் அது சாதாரணம். நம் நிறத்துக்கு, அதுவும் கழுத்துக்கு, நான் அதைத் தேர்ந்தெடுப்பதில்லை. தோலுக்கு நிறம் தருகிற செல்கள் மற்ற செல்களைவிடக் குளிரில் சீக்கிரம் சாகும். மரு போன இடத்தில் வெள்ளைப் பொட்டு விழுந்து, அதைப் பார்த்து ‘வெண்குஷ்டமா?’ என்று வீட்டுக்கு வீடு கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். காட்டரியில் எதிர்மாறாகக் கறுப்புப் புள்ளி விழலாம், ஆனால் அது சில மாதத்தில் மங்கிவிடும். உங்களுக்குக் காம்பு மெல்லிதாக இருப்பதால் கத்தரிதான் என் தேர்வு.

சில விஷயங்களை நீங்களே சொல்லிவிட வேண்டும். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல் மாதிரி ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா, நெஞ்சில் பேஸ்மேக்கர் இருக்கிறதா, காது குத்திய இடத்திலோ பழைய காயத்திலோ தழும்பு தடித்து வளர்ந்திருக்கிறதா? பேஸ்மேக்கர் இருந்தால் மின்சூடு யோசித்துத்தான். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டு வராதீர்கள், சொன்னால் போதும்.

தாலிக்கொடி. மின்சூட்டு வேலை நடக்கும்போது கழுத்தில் உலோகம் இருக்கக் கூடாது. புண் ஆறும் ஒரு வாரமும் கொடி உரசக் கூடாது. கழற்ற மனம் வராது, எனக்குத் தெரியும். பலர் தாலியை மட்டும் பழகிய மென்மையான கயிற்றில் கோத்துப் போட்டுக்கொண்டு வருவார்கள். புதுக் கயிறு வேண்டாம், அது முரடாக இருக்கும், மஞ்சளும் புண்ணில் இறங்கும். கயிற்றுக்கும் தோலுக்கும் நடுவே ஒரு பழைய பருத்தித் துணி இருந்தால் இன்னும் நல்லது.

மறுநாளே குளிக்கலாம். தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, கொடுத்த களிம்பை அல்லது வெறும் வாசலினை மெல்லிதாகத் தடவுங்கள். ஏழு முதல் பத்து நாளில் பொருக்கு தானாக விழும், பிய்க்காதீர்கள். மஞ்சள், காபித்தூள், பற்பசை எதுவும் வேண்டாம். வெயிலில் போகும்போது கழுத்தை முந்தானையால் மூடிக்கொண்டால் கறுப்பு விழுவது குறையும். சிவந்து வீங்கினாலோ சீழ் வந்தாலோ உடனே காட்டுங்கள்.

எந்த மருவைத் தொடவே கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், வீட்டில் மற்றவர்களுக்கும் பயன்படும். இமை விளிம்பில் இருப்பதைக் கண் மருத்துவர்தான் எடுக்க வேண்டும். ஆசனவாயில் தொங்கும் சதை பெரும்பாலும் பழைய மூலத்தின் அல்லது வெடிப்பின் மிச்சம், அதை மரு என்று கட்டினால் தாங்க முடியாத வலி வரும். பிறப்புறுப்பில் வருவது பாலுறவில் பரவும் வைரஸ் மருவாக இருக்கலாம். பிறந்த குழந்தையின் காதுக்கு முன்னால் உள்ள சதைத் துணுக்கை நூல் போட்டு இறுக்குவது இன்றும் நடக்கிறது. அதனுள் குருத்தெலும்பு இருக்கலாம், அந்தக் குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். உடம்பு முழுக்க மெத்து மெத்தென்று கட்டிகள், விரலால் அழுத்தினால் பொத்தான் ஓட்டைக்குள் போவது போல உள்ளே போகின்றன, கூடவே காபிக் கறை போன்ற திட்டுகளும் இருக்கின்றன என்றால் அது நரம்பு சம்பந்தப்பட்ட வேறு விஷயம். எதுவும் உரசாமலே ரத்தம் வருவது, கெட்டியாவது, வேகமாக வளர்வது, ஒரே மருவில் இரண்டு மூன்று நிறம் தெரிவது, இவை இருந்தால் எடுத்த துண்டை ஆய்வுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவில் இதைக் காசில்லாமல் எடுக்கிறார்கள். தனியாரில் ஒரு மருவுக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுவார்கள், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அழகுச் சிகிச்சை என்று சொல்லிக் காப்பீடு தர மாட்டார்கள். எல்லாவற்றையும் எடுத்தாக வேண்டும் என்பதும் இல்லை. உங்களைத் தொந்தரவு செய்வது கொடியில் மாட்டுகிற அந்த இரண்டு. நாளைக்குக் காலை வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு, ரிப்போர்ட்டோடு போய் அந்த இரண்டை மட்டும் எடுத்துவிட்டு வாருங்கள். ஆறின இடம் எப்படி இருக்கிறது என்று ஒரு மாதம் பார்த்த பிறகு மற்றதை முடிவு செய்யலாம்.